இரண்டு சைக்ளாய்டல் தட்டுகளோடு வீரபாண்டிக்கு

திருப்பூருக்குப் பனியன் வாங்கப் போகிறவர்கள் உண்டு, வேலை தேடிப் போகிறவர்கள் உண்டு. போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை நான் போனது ஒரு கியர் பாக்ஸைத் திறந்து மூட. கோயில், அருவி என்று தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் ஓர் அணையும் கொஞ்சம் முதலைகளும் இருக்கின்றன. அந்த முதலைகளைக் காட்டித்தான் என் கணவர் செந்திலையும் கூட்டிப் போனேன். அவர் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். கியர் என்றால் அவருக்குப் பைக்கில் காலால் மிதிப்பது மட்டும்தான்.

எல்லாம் ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தது. கல்லூரியில் என்னோடு படித்த மஞ்சுளா பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடாமல் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் வீரபாண்டியில் சாயப்பட்டறை நடத்துகிறாள். துணியைச் சாயத் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறக்கி ஏற்றும் வின்ச் என்ற இயந்திரத்தின் கியர் பாக்ஸ் உடைந்துவிட்டது. புதியது வர மூன்று வாரமாகும் என்கிறார்கள். ஒரு லாட்டில் பாதித் துணிக்குச் சாயம் ஏறிவிட்டது, மீதி வெள்ளையாகக் கிடக்கிறது.

"என்ன கியர் பாக்ஸ்?" என்றேன்.

"சைக்ளாய்டலாம். உள்ள ரெண்டு தட்டு போயிருச்சாம். பூ மாதிரி இருக்குது."

பாயசம் உள்ளே போயிருந்த தெம்பில் சொல்லிவிட்டேன்: "ரெண்டு தட்டுதானே? நானே வரைஞ்சு தர்றேன்."

நான் திருச்சியில் ரோபோ கைகளுக்குச் சின்னச் சின்ன சைக்ளாய்டல் கியர்கள் வடிவமைக்கும் இடத்தில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். ஆகவே அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஆனால் என் வேலை திரையில் முடிந்துவிடும். விசை எங்கே விழுகிறது, எந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகப் படம் வரும். சிவப்பு குறையும்வரை திருத்தி அனுப்பிவிடுவேன். அது எங்கேயோ உருவாகி, எங்கேயோ சுற்றும். நான் வரைந்த ஒன்று எண்ணெய்க்குள் ஓடுவதைப் பக்கத்தில் நின்று கேட்டதே இல்லை. இதை மஞ்சுளாவிடம் சொல்லவில்லை. பந்தியில் சொல்லக்கூடிய விஷயமா அது?

அடுத்த வாரமே உடைந்த தட்டு பார்சலில் வீட்டுக்கு வந்துவிட்டது. அளந்தேன், வரைந்தேன், ராத்திரி கனவில்கூடச் சுற்றினேன். வரைபடம் சாமளாபுரத்தில் வயர்கட் பட்டறை வைத்திருக்கும் சண்முகத்துக்கு வாட்ஸாப்பில் போனது. வயர்கட் என்றால் மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் கெட்டி எஃகை அறுப்பது. சனிக்கிழமை மாலைக்குள் வின்ச் ஓடாவிட்டால் வெள்ளைத் துணியை வேறு பட்டறைக்கு ஏற்றிவிடுவோம் என்று பனியன் கம்பெனி சொல்லிவிட்டதாம். பட்டறை மாறினால் ஷேடு மாறும். ஷேடு மாறினால் பழியும் மஞ்சுளா தலையில், அடுத்த ஆர்டரும் கையைவிட்டுப் போகும்.

காலை ஐந்து மணிக்குத் திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் ஏறினோம். கரூர், காங்கயம் வழியாகத் திருப்பூர் ஏறக்குறைய நூற்று எழுபது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். டிக்கெட் ஆளுக்கு நூற்றைம்பது சொச்சம். ரயிலும் உண்டு, ஆனால் அந்த நேரத்துக்குத் தோதாக எதுவும் இல்லை. பழைய தட்டை ஒப்பிட்டுப் பார்க்க மடியில் மஞ்சப்பையில் வைத்திருந்தேன். நாலு கிலோ. கரூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா பைக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங் கண்ணு, அதென்ன, முறுக்கு அச்சுங்களா?"

"இல்லம்மா, கியர்."

"பல்லே இல்லீங்களே?"

இப்படிக் கேட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். அவருடைய தூக்குச் சட்டியை வாங்கி, அதற்குள் அதைவிடக் கொஞ்சம் சின்ன மூடி ஒன்றை வைத்தேன். மூடியை ஒரு பக்கமாக ஒதுக்கி, சட்டியின் உள்சுவரை ஒட்டியே ஒரு முழுச் சுற்று உருட்டினேன். "பாருங்கம்மா, நான் ஒரு சுத்து சுத்திட்டேன். ஆனா மூடி எதிர்ப்பக்கமா கொஞ்சூண்டுதான் திரும்பியிருக்கு. அவ்வளவுதான் சங்கதி. தட்டுல இருபத்தொம்பது மேடு. சுத்தி இருக்கற வளையத்துல முப்பது முளை. மோட்டார் ஒரு சுத்து சுத்தினா தட்டு ஒரே ஒரு மேடு தள்ளி உக்காரும். மோட்டார் இருபத்தொம்பது தடவ சுத்தினாத்தான் தட்டு ஒரு தடவ சுத்தும். வேகம் குறையும், பலம் கூடும்."

சாதாரணப் பல்சக்கரத்தில் எந்த நேரமும் ஒன்றிரண்டு பற்கள்தான் பாரம் சுமக்கும், இதில் ஏகப்பட்ட மேடுகள் பங்குபோட்டுச் சுமக்கும், அதனால்தான் சட்டென்று இடித்தாலும் தாங்கும் என்பதையும் விளக்கினேன். அந்த அம்மா வெள்ளக்கோவில் வரை பொறுமையாகக் கேட்டார். இறங்கும்போது, "நல்லாருக்குதுங் கண்ணு. அடில நாலு ஓட்டை சேத்திப் போட்டா இடியாப்பம் புழியலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். செந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கிற்று.

திருப்பூரிலிருந்து சாமளாபுரம் மங்கலம் வழியாக இருபது கிலோமீட்டருக்குள். டவுன் பஸ்ஸில் எனக்குக் கட்டணம் இல்லை, செந்திலுக்கு உண்டு. உட்கார இடம் கிடைத்ததும் எனக்குத்தான்.

சாமளாபுரத்தில் இறங்கினால் தறிச்சத்தம்தான் வரவேற்கும். சண்முகம் ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெர்னியர் அளவுகோல். தறி உதிரிபாகங்கள் அறுத்துப் பழகியவருக்கு இப்படியொரு தட்டு முதல் வேலை. இரண்டு தட்டையும் பழைய காடாத் துணியில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் குழந்தையைப் போலப் படுக்க வைத்திருந்தார்.

"அம்மணி, ஒரு சந்தேகமுங்க," என்றார். "சுத்தியும் ஒரு தலைமுடி அளவு கொறைச்சு அறுக்கச் சொல்லியிருந்தீங்க. அப்படியே வுட்டா லொடலொடன்னு ஆடாதுங்களா? கச்சிதமா உக்காரணுமல்லங்க?"

"கச்சிதமா உக்காந்தா சுத்தாதுங்க. சூடானா எஃகு விரியும், எண்ணெய்க்கும் எடம் வேணும்."

"சரிங்க, சரிங்க," என்றார். நம்பாதவர்கள் சொல்லும் சரிங்க அது.

தட்டுகளைத் திறந்து பார்த்தேன். அழகாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி. தட்டில் வட்டமாக எட்டுத் துளைகள் உண்டு. இரண்டு தட்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், அவற்றில் ஒரே துளைக்கு நேராக இரண்டிலும் சிவப்புப் பெயிண்ட் புள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன். மாட்டும்போது ஒரு புள்ளி மேலே வந்தால் மற்றது கீழே, நேர் எதிராக வர வேண்டும். இரண்டு தட்டும் எதிரெதிராக ஆடினால்தான் ஒன்றின் உதறலை மற்றது சமன் செய்யும். மேடுகள் ஒற்றைப்படை என்பதால், புள்ளி சரியாக எதிரில் வராவிட்டால் இரண்டாவது தட்டு உள்ளேயே போகாது.

மஞ்சுளா கார் அனுப்பியிருந்தாள். தன் வேலை சுற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சண்முகமும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். வீரபாண்டி பட்டறைக்குள் போகும்போது பன்னிரண்டரை. நீராவி, சோடா வாசனை, கால் வைக்கும் இடமெல்லாம் ஈரம். வின்ச் பக்கத்தில் கியர் பாக்ஸ் வயிற்றைத் திறந்து கிடந்தது. உடைந்ததன் காரணம் தெரிந்துவிட்டது. ஆயில் சீல் போய்த் தண்ணீர் இறங்கி, எண்ணெய் மோர் மாதிரி ஆகி, நடுத்தண்டின் பேரிங் நொறுங்கி, அந்தத் துண்டுகள் தட்டுகளைக் கடித்திருக்கின்றன. புது பேரிங்கும் சீலும் கோயமுத்தூரிலிருந்து வந்து தயாராக இருந்தன.

"சாப்பிட்டுட்டு ஆரம்பிடி," என்றாள் மஞ்சுளா.

"பத்து நிமிஷ வேலை. முடிச்சிட்டே சாப்பிடலாம்," என்றேன். பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

முதல் தட்டு வெண்ணெய் போல இறங்கியது. இரண்டாவதைச் சிவப்புப் புள்ளி எதிரில் வரும்படி வைத்தேன். போகவில்லை. தூக்கி மறுபடி வைத்தேன். மேடுகள் முளைகள் மேல் இடித்துக்கொண்டு நின்றன. ரப்பர் சுத்தியலால் செல்லமாகத் தட்டினேன். அசையவில்லை.

நான் சண்முகத்தைப் பார்த்தேன். சண்முகம் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தத் தலைமுடி இடைவெளிய வுட்டீங்களா?"

"வுட்டேனுங்க."

"கச்சிதமா இருக்கட்டும்னு கொஞ்சம் கொறைச்சிருக்க மாட்டீங்களே?"

"அம்மணி, நீங்க இப்படிப் பேசறது சரியில்லீங்க. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறேனுங்க. படம் தப்பா இருந்தா நான் என்னங்க பண்ணுவேன்?"

"படம் தப்பா? நான் மூணு முறை சரிபார்த்ததுங்க!"

"நானும் மூணு தடவ அளந்துதானுங்க பொட்டில வெச்சேன்!"

கொங்கு நாட்டுச் சண்டையை முன்பின் பார்த்திராதவர்களுக்கு ஒரு தகவல். குரல் கூரையைத் தொட்டாலும் 'ங்க' மட்டும் விழாது. நானும் திருச்சிக்காரி என்பதை மறந்து ங்க போட ஆரம்பித்துவிட்டேன். நாங்கள் ஒருவரையொருவர் இவ்வளவு மரியாதையோடு அயோக்கியர் என்று சொல்லிக்கொண்டிருந்ததைச் சாயம் கலக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள். வின்ச் ஓட்டுகிற பப்லு பீகார்க்காரர், வந்து நாலு வருடமாகிறது. அவர் மஞ்சுளாவிடம் மெதுவாக, "அக்கா, டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

வெர்னியரை வைத்து இரண்டு பேரும் மாறி மாறி அளந்தோம். அவர் அளவும் என் அளவும் ஒன்றாகவே வந்தன. தட்டில் குற்றமே இல்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மூலையில் உட்கார்ந்திருந்த செந்தில் அப்போது வாயைத் திறந்தார். "எட்டுத் துளை இருக்கே. ஒவ்வொரு துளையா மாத்தி எட்டு விதமாவும் வெச்சுப் பார்த்தா என்ன?"

நானும் சண்முகமும் ஒரே நேரத்தில் திரும்பினோம். "மார்க் இருக்கும்போது எதுக்கு?" என்று நான் சொல்ல, "மார்க்கு இருக்கறப்ப எதுக்குங்க?" என்று அவர் சொல்ல, அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. செந்தில் மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கம்பெனியிலிருந்து மேனேஜர் ஒருமுறை போன் செய்தார். மஞ்சுளா, "ஆச்சுங்க, மாட்டிட்டே இருக்கறாங்க," என்று சிரித்துப் பேசிவிட்டு, வைத்ததும் சுவரைப் பார்த்து நின்றாள். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சொல்லவில்லை. வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டின் மேல் குனிந்தேன்.

"ஏன்டி," என்றாள் மஞ்சுளா, "உன் நெத்தில என்ன இவ்ளோ பெரிய பொட்டு? வரும்போது ஸ்டிக்கர்தானே ஒட்டியிருந்த?"

தொட்டுப் பார்த்தேன். விரலெல்லாம் சிவப்பு.

"பெயிண்ட் இன்னும் காயலைங்களா?" என்று சண்முகத்திடம் கேட்டேன்.

"பெயிண்ட்டா? எந்தப் பெயிண்ட்டுங்க?"

"தட்டுல வெச்சீங்களே, சிவப்பா."

"ஐயோ, அது குங்குமமுங்க! மொதல் மொதல்ல பண்ணுன உருப்படிங்க, முருகனுக்கு வெச்சுக் கும்புட்டுட்டுத்தானுங்க பொட்டில போட்டேன்."

"அப்ப நான் சொன்ன மார்க்?"

"பெயிண்ட்டு எண்ணெய்ல கரைஞ்சு போயிருமுங்களே. அதனால பின்னாடி பஞ்ச் அடிச்சு வெச்சிருக்கறேனுங்க." தட்டைத் திருப்பினார். ஒரு துளைக்கு நேராக, அழகாக, ஆழமாக, குட்டிப் புள்ளி ஒன்று. "நீங்க கேப்பீங்கன்னு இருந்தேனுங்க."

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேங்க."

முதலில் சிரித்தது மஞ்சுளா. பிறகு சண்முகம், பிறகு பட்டறை மொத்தமும். பப்லுவுக்கு யாரோ இந்தியில் விளக்கியதும் அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குங்குமத்தை அடையாளமாக வைத்துத் துல்லியப் பொறியியல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். செந்தில் மட்டும் சிரிக்கவில்லை. "எட்டு விதமாவும் வெச்சுப் பார்த்திருந்தா பத்து நிமிஷத்துல..." என்று ஆரம்பித்தார். டீயைக் கையில் கொடுத்து நிறுத்தினேன்.

இரண்டு தட்டையும் திருப்பி, பஞ்ச் குறிகளை எதிரெதிரே வைத்ததும் இரண்டாவது தட்டு 'டக்' என்று உட்கார்ந்தது. கையால் தண்டைச் சுற்றினேன். ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை. சண்முகம் தானும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தத் தலைமுடி வேணுந்தானுங்க," என்றார். எனக்கு அது போதும்.

மூடி, சீல், எண்ணெய், மோட்டார். சுவிட்சைப் போட்டதும், துணியை இழுத்துத் தூக்கும் உருளையான ரீல் பின்பக்கமாகச் சுற்றியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை நான் பதறவில்லை. இந்த வகைக் கியரில் மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் தட்டு எதிர்ப்பக்கம்தான் சுற்றும். பழைய தட்டும் அப்படித்தான் சுற்றியிருக்கும். ஆகவே தப்பு என் தட்டில் இல்லை, மோட்டாரைக் கழற்றி மாட்டியவர்கள் ஒயரை மாற்றிவிட்டார்கள். "மூணு ஒயர்ல ஏதாவது ரெண்டை மாத்திப் போடுங்க," என்றேன். எலக்ட்ரீஷியன் மாற்றினார். ரீல் முன்பக்கம் சுற்றியது.

ஆனால் வெறும் ரீல் சுற்றுவது பரீட்சை இல்லை. ஈரத் துணி ஏற வேண்டும். பப்லு துணியின் நுனியை ரீல் மேல் போட்டார். தண்ணீர் குடித்த துணி, மலைப்பாம்பு கனம். அது தொட்டியிலிருந்து எழும்பியபோது ரீல் ஒரு நொடி தயங்கியது போல இருந்தது. எனக்குத் திரையில் பார்த்த சிவப்பெல்லாம் கண்முன் வந்தது. பிறகு துணி மேலே வந்து, மறுபக்கம் சரிந்து, தொட்டிக்குள் போயிற்று. மறுபடி வந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையைக் கியர் பாக்ஸ் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே ஒரு மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான். பத்து வருடத்தில் முதல் முறை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீராவி என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாலரைக்கு மஞ்சுளா கம்பெனிக்குப் போன் போட்டாள். வெள்ளைத் துணியை ஏற்றிப்போக லாரி வரவில்லை.

ராத்திரி அவள் "ஊட்டுக்கு" அழைத்துப்போய் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போட்டாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். திருப்பூர்ப் பக்கம் வந்தால் எப்படியாவது ஒரு வீட்டில் சாப்பிடப் பாருங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தெரிந்தவர் இல்லாமல் சாயப்பட்டறைக்குள் விடமாட்டார்கள், கேட்டுப் பயனில்லை. வழுக்காத செருப்பும் கறை பட்டாலும் கவலைப்படாத பழைய உடையும் வேண்டும். சாமளாபுரம் தறிகளைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பழுதான இயந்திரத்தைச் சரிசெய்யவே போகிறீர்கள் என்றால், வரைபடத்தை அனுப்பினால் மட்டும் போதாது, போனில் வாய்விட்டுப் பேசுங்கள். யாருக்கும் பந்தியில் வாக்குக் கொடுக்காதீர்கள். வேலைக்கு முன் சாப்பிடுங்கள்.

ஞாயிறு காலை பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டை, அங்கிருந்து அமராவதி நகருக்குப் பஸ். மாறிப் போனால் இரண்டரை மணி நேரம் ஆகும். அணை அமைதியாக, பெரிதாக, மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு இருந்தது. பக்கத்திலேயே முதலைப் பண்ணை. நுழைவுக் கட்டணம் சொற்பம். முதலைகள் எதுவும் செய்யாமல் மணிக்கணக்கில் வாயைத் திறந்தபடி கிடக்கும். அதையும் செந்தில் ஒன்றரை மணி நேரம் பார்த்தார். வாயைத் திறப்பது உடல் சூட்டைக் குறைக்க என்று அவர் விளக்க, நான் வெள்ளக்கோவில் அம்மாவைப் போலப் பொறுமையாகக் கேட்டேன்.

அப்போது மஞ்சுளாவின் போன்.

"ஏன்டி, பயமா இருக்குதுடி."

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. "என்ன ஆச்சு? சூடாகுதா? அடிக்குதா?"

"ஒண்ணும் ஆகல. அதான் பயம். முந்தியெல்லாம் கடகடன்னு ஒரு சத்தம் வருமல்ல? இப்ப ஒண்ணுமே காணோம். பப்லு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து தொட்டுப் பாக்கறான்."

"போனை அது பக்கத்துல வை."

வைத்தாள். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நீராவி சீறியது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தூரத்தில் ரேடியோ. ஈரத் துணி தொப்பென்று விழுந்தது, மறுபடி விழுந்தது, ஒரே இடைவெளியில்.

"கேக்குதா?" என்று தூரத்திலிருந்து கத்தினாள்.

"இல்ல. கேக்கல."

"அப்ப?"

"அப்ப நல்லா இருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிரு," என்றேன்.